போகியில் எரிந்த ஃபைல்

மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துப் பல வருடம் கழித்து, வைத்த இடத்திலேயே அரிதாக முளைக்கிறது இன்னொரு புற்றுநோய். அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஜோடிக் கண்ணும் ஒரு தாளும் வேண்டும்.

என் அத்தைக்கு ஊர் பாப்பாரப்பட்டி. புளிக் காலம் வந்துவிட்டால் வீட்டுத் திண்ணை முழுக்கப் புளி குவிந்துவிடும். நான்கைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுப்பார்கள். அந்த வட்டத்தின் நடுவே அத்தை இருப்பார். 44 வயதில் அவருடைய இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. வெளியூரில் ஆபரேஷன் செய்தார்கள், ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள், கடைசியாக ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு என்று தருமபுரிப் பக்கம் யாரும் சொல்வதில்லை. கரண்ட்தான்.

ஐந்து வருடம் ஓடியது. கடைசிப் பரிசோதனையில், இனி அடிக்கடி வரவேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்கள். இனி வரவே வேண்டாம் என்று அத்தை காதில் விழுந்தது. அடுத்து வந்த போகியன்று விடிகாலையில் கிழிந்த பாய், பழைய முறம், தேய்ந்த துடைப்பத்தோடு ஆஸ்பத்திரி ஃபைலையும் தீயில் போட்டுவிட்டார். "விட்டுது கண்ணு, இன்னையோட அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம். குளிக்கும்போது, ஆபரேஷன் தழும்புக்குக் கீழே நாவல்பழக் கறை மாதிரி ஒரு திட்டைப் பார்த்திருக்கிறார். வலி இல்லை. "புளிக்கூடை இடிச்சிருக்கும்" என்று விட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து என் அம்மாவிடம் சொன்னார். ஒரு கிளினிக்கில் களிம்பு கொடுத்தார்கள். திட்டு போகவில்லை. மூன்றாவது மாதம் தருமபுரியில் ஒரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் திட்டை ஒரு நிமிடம்தான் பார்த்தார். பிறகு கேள்விகளாகவே கேட்டார். எந்த வருஷம் கரண்ட் வைத்தார்கள்? எத்தனை நாள்? எவ்வளவு கதிர்? மார்புக்கு மட்டுமா, அக்குளுக்கும் கழுத்தடிக்கும் சேர்த்தா? எந்த மெஷின்?

ஒன்றுக்கும் எங்களிடம் துல்லியமான பதில் இல்லை. எல்லாம் போகியில் போயிருந்தது.

அவர் மனதில் இருந்த சந்தேகத்தின் பெயர் ஆஞ்சியோசார்கோமா. ரத்தக்குழாய்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் உள்பூச்சாக இருக்கும் செல்களில் பிறக்கிற புற்றுநோய் இது. மார்பகப் புற்றுநோய் திரும்பி வருவது வேறு, இது வேறு. வேரும் வேறு, வைத்தியமும் வேறு. கதிர் பட்ட தோலில், பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் தலைகாட்டுகிறது. சிலருக்கு மூன்று வருடத்திலேயே வந்திருக்கிறது, சிலருக்கு இருபது வருடம் கழித்து. முதலில் அடிபட்டுக் கன்றிய இடம் மாதிரிதான் தெரியும். நீலமோ ஊதாவோ சிவப்போ ஒரு திட்டு, அதன்மேல் சிறு கொப்புளங்கள், அல்லது தோல் மட்டும் கொஞ்சம் தடித்துப்போவது. வலிக்காது. கட்டியாகக் கையில் தட்டுப்படாமலும் இருக்கும். மாமோகிராமில் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு, ஏனென்றால் நோய் இருப்பது தோலில். இதனால் நோயாளியும் ஏமாறுகிறார், சில நேரம் மருத்துவரும் ஏமாறுகிறார். அடிபட்ட கன்றல் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். இது மறையாது.

எத்தனை பேருக்கு வருகிறது? மார்பகப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்ட ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு என்ற அளவில். அதனால் அரிது என்கிறோம். அந்த ஒருவருக்கு வந்தபின் நிலைமை கடினமானது. ஐந்து வருடம் உயிரோடு இருப்பவர்கள் பாதிக்கும் குறைவு. சிறியதாக இருக்கும்போதே, கதிர் பட்ட தோல் முழுவதையும் விட்டுவைக்காமல் எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. திட்டு தெரிந்த நாளுக்கும் சதை எடுத்துச் சோதித்த நாளுக்கும் நடுவில் எத்தனை வாரம் போனது என்பதை வைத்தே பலரது கதை மாறிப்போகிறது. எங்கள் வீட்டில் மூன்று மாதம் போயிருந்தது.

1948, ஒரே மருத்துவமனை

மருத்துவ உலகத்துக்கு இது புதிய செய்தி இல்லை. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்து ஏழே வருடத்தில், 1902இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் எக்ஸ்ரே குழாய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஒருவரின் கையில் வந்த தோல் புற்றுநோயை ஃப்ரீபென் என்ற மருத்துவர் அறிவித்தார். எடிசனின் உதவியாளராக எக்ஸ்ரே சோதனைகளில் கையை நீட்டி நீட்டிக் காட்டிய கிளாரன்ஸ் டாலி 1904இல் இறந்தார். நோயைக் குணமாக்கும் கதிரே நோயை உண்டாக்கவும் செய்யும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதை முறையாக எழுதிவைத்தது 1948இல். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் கஹானும் அவருடைய சகாக்களும், கதிர் பட்ட எலும்பில் பிற்பாடு சார்கோமா என்ற வகைப் புற்றுநோய் வந்த 11 பேரைப் பற்றி எழுதினார்கள். இரண்டாவது புற்றுநோய் கதிரால்தான் வந்தது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கும் வரையறை கொடுத்தார்கள். கதிர் பட்ட இடத்திலேயே வந்திருக்கவேண்டும். நடுவில் சில வருடம் கழிந்திருக்கவேண்டும். முதல் நோயின் சதையும் இரண்டாவதன் சதையும் வேறுவேறு என்று நுண்ணோக்கியில் தெரியவேண்டும். இன்றும் மருத்துவர்கள் இந்த அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்தி அதையே பயன்படுத்துகிறார்கள். எங்கள் மருத்துவர் கேட்ட கேள்விகளின் ஊற்று இதுதான் என்று எனக்குப் பிறகு புரிந்தது. எங்கே கதிர் பட்டது, எப்போது பட்டது, முதல் கட்டியின் ரிப்போர்ட் எங்கே? மூன்றுக்கும் விடை ஃபைலில் இருந்திருக்கும்.

அதே 1948இல், அதே மருத்துவமனையின் ஸ்டூவர்ட், ட்ரீவ்ஸ் இருவரும் இன்னொரு கட்டுரை எழுதினார்கள். மார்பை எடுத்தபின் வருடக்கணக்கில் கை வீங்கியே இருந்த ஆறு பெண்களுக்கு, வீங்கிய அந்தக் கையிலேயே இதே மாதிரி ஊதாத் திட்டுகள் தோன்றிப் புற்றுநோயானதைப் பதிவு செய்தார்கள். இன்றுவரை அது அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த இரண்டாவது கட்டுரைதான் அதிகம் வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே பலர் கட்டி பெரிதான பிறகே ஆஸ்பத்திரி ஏறுகிறார்கள். அதனால் மார்பை முழுசாக எடுப்பதும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளை வழித்தெடுப்பதும், அதன்மேல் கரண்ட் வைப்பதும் சேர்ந்தே நடக்கிறது. நிணநீர் வடியும் வழி அடைபட்டுக் கை வீங்குகிறது. வீங்கிய கையோடு களை எடுக்கிறார்கள், தக்காளிக் கூடை தூக்குகிறார்கள், பட்டுப்புழுவுக்கு மல்பெரி தழை அறுக்கிறார்கள். வீக்கம் பழகிப்போய்விடுகிறது. பழகிப்போன கையில் புதிதாக ஒரு திட்டு வந்தால், அதையும் பழைய கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கரண்ட் வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு அழுத்தமாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். இதைப் படித்துவிட்டு ஒரே ஒரு பெண் சிகிச்சையைப் பாதியில் விட்டாலும் நான் இதை எழுதியது பாவமாகிவிடும்.

மார்பை முழுசாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலே போதும் என்று 1980களில் இத்தாலியின் வெரோனேசியும் அமெரிக்காவின் ஃபிஷரும் பெரிய ஆய்வுகளால் காட்டினார்கள். அப்படிச் செய்துகொண்ட 10,801 பெண்களின் விவரங்களை உலகம் முழுவதிலிருந்தும் திரட்டி, 2011இல் ஒரு கணக்கு வெளியானது. கரண்ட் வைக்காதவர்களில் பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 35 பேருக்கு நோய் திரும்பியது. வைத்தவர்களில் 19 பேருக்கு. பதினைந்து வருடத்தில் அந்த நோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு 25 என்பது 21 ஆகக் குறைந்தது. மார்பை முழுசாக எடுத்து, அக்குளில் ஒன்றிலிருந்து மூன்று நெறிக்கட்டிகள் வரை நோய் பரவியிருந்த பெண்களில் இருபது வருடக் கணக்கில் நூற்றுக்கு எட்டு மரணம் குறைந்தது என்று 2014இல் வந்த இன்னொரு கணக்கு சொல்லியது.

ஆயிரம் பேர் என்று வைத்துப் பாருங்கள். கரண்டால் பிழைப்பவர்கள் நாற்பதை ஒட்டியோ அதற்கு மேலோ. அதே கரண்டால் ஆஞ்சியோசார்கோமா வருகிறவர் ஒருவர். தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எந்த மருத்துவருக்கும் சந்தேகம் கிடையாது. கரண்ட் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஒருவர் யாராகவும் இருக்கலாம் என்ற கவனம் பிறகும் வேண்டும்.

ஒரு சிலருக்கு மட்டும் இந்தத் தராசு வேறு மாதிரி நிற்கும். டி.பி.53 என்ற மரபணுவில் பிறவியிலேயே பழுது உள்ள குடும்பங்கள் உண்டு. 1969இல் இதை விவரித்த இருவரின் பெயரால் லி-ஃப்ராமேனி என்கிறார்கள். சின்ன வயதிலேயே வீட்டில் பலருக்குப் பலவகைப் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். இவர்களுக்குக் கூடுமானவரை கரண்டைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். வீட்டு மானம் போய்விடும் என்று தாத்தாவின் நோயையும் சித்தியின் நோயையும் மறைத்துப் பேசுவது நம்மிடம் உள்ள பழக்கம். மருத்துவரின் அறையிலாவது அதை விட்டுவிடவேண்டும்.

தருமபுரிக்குத் தெரிந்த தாமதம்

குடித்த தண்ணீர் பல வருடம் கழித்து எலும்பில் பேசும் என்பது இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிந்தது இல்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த ஃப்ளோரைடு குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாக முதலில் தெரிந்தது. பிறகு நடுவயதில் முதுகும் முட்டியும் விறைத்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்ததே இந்தப் பாதிப்பைத் தணிக்கத்தான். ஏன் இத்தனை வருடம் கழித்து வருகிறது என்று அத்தை கேட்டபோது இந்தக் கதையைத்தான் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

கதிர் உடம்பில் தங்குவதில்லை. மெஷினை அணைத்ததும் போய்விடுகிறது. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை அது அறுத்துவிட்டுப் போகிறது. புற்றுநோய்ச் செல்லுக்கு அதைச் சரியாகத் தைக்கத் தெரியாது, செத்துவிடுகிறது. நல்ல செல்கள் தைத்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கான தையல்களில் எங்கோ ஒன்று கோணலாக விழுகிறது. அந்த ஒரு செல் இரண்டாகி, நான்காகி, கண்ணுக்குத் தெரியும் திட்டாக வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன. கதிரால் வந்த ஆஞ்சியோசார்கோமாவில் எம்.ஒய்.சி. என்ற மரபணு பல மடங்கு பெருகியிருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது. சதைப் பரிசோதனையில் குழப்பம் வந்தால் நோயியல் நிபுணர்கள் இதைத் தேடிப் பார்த்து முடிவு சொல்கிறார்கள்.

காலம்தான் இதற்கு விதை நிலம் என்றால், நாம் இன்னும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கீட்டில் இந்தியாவில் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1.92 லட்சம் பேர், இறந்தவர்கள் 98 ஆயிரம் பேர். சிகிச்சை மேம்பட மேம்பட, பிழைப்பவர்கள் கூடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் கரண்ட் வைத்துக்கொண்டு எழுபத்தைந்து வரை வாழப்போகிற பெண்ணுக்கு முன்னால் முப்பது வருடம் இருக்கிறது. ஐந்து வருடம் என்ற எல்லைக்கோடு எங்கிருந்தோ வந்து நம் மனதில் பதிந்துவிட்டது. மார்பகப் புற்றுநோயே பத்து, பதினைந்து வருடம் கழித்துத் திரும்பக்கூடியது. கதிரின் தாமத விளைவுகளோ பல நேரம் ஐந்து வருடத்துக்குப் பிறகுதான் கணக்கைத் தொடங்குகின்றன.

தோல் மட்டும் இல்லை. கதிர் போகும் வழியில் நுரையீரலின் ஒரு ஓரம் இருக்கிறது, விலா எலும்பும் காறை எலும்பும் இருக்கின்றன. கழுத்தடிக்கும் வைத்தால் உணவுக்குழாய் பக்கத்தில் வருகிறது. இவற்றிலும் அரிதாக இரண்டாவது புற்றுநோய் வருகிறது. நுரையீரல் விஷயத்தில் 2017இல் வெளியான ஒரு கணிப்பைச் சொல்லியே ஆகவேண்டும். இன்றைய முறைப்படி கரண்ட் வைத்தால், புகைக்காத பெண்ணுக்கு அதனால் கூடும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து ஆயிரத்துக்கு மூன்று. நீண்ட காலமாகப் புகைத்து, சிகிச்சைக்குப் பின்னும் நிறுத்தாத பெண்ணுக்கு நூற்றுக்கு நான்கு. வயலில் பீடி பிடிக்கிற பாட்டிகள் நம் பக்கம் இல்லாமல் இல்லை. அவர்கள் காதில் இதைப் போடவேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.

ரத்தத்திலும் வரலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் ராபின் ராபர்ட்ஸுக்கு 2007இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை எடுத்துத் தேறி வேலைக்குத் திரும்பினார். 2012இல் எலும்பு மஜ்ஜை ரத்தத்தைச் சரியாக உற்பத்தி செய்யாத நோய் அவருக்கு இருப்பது தெரிந்தது. முதல் நோய்க்கு எடுத்த சிகிச்சையின் பின்விளைவு அது. அக்கா சாலி ஆன் மஜ்ஜை கொடுத்தார். ராபின் மறுபடியும் திரைக்கு வந்தார். களைப்பை வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல் ரத்தம் சோதித்துப் பார்த்ததில் தொடங்கியது அந்த இரண்டாவது பிழைப்பு.

மெஷின் மாறியது, பஸ் மாறவில்லை

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கோபால்ட் கதிர் மெஷினைக் கொண்டுவந்தது. நாட்டின் முதல் லீனியர் ஆக்சிலரேட்டரும் 1976இல் அங்கேதான் வந்தது. அன்றைக்குக் கதிரை மார்பின் மேல் பொதுவாகப் பாய்ச்சினார்கள். இன்று சி.டி. ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே படவேண்டும், இதயமும் நுரையீரலும் எங்கே தப்பவேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டு வைக்கிறார்கள். 25 நாளில் 50 கிரே கதிர் என்ற பழைய கணக்கு பலருக்கு 15 நாளில் 40 கிரே என்று சுருங்கியிருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் இது பாதுகாப்பானது என்று காட்டின. பென்னாகரத்திலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ வருகிறவருக்கு இந்தப் பத்து நாள் மிச்சம் என்பது பத்து நாள் கூலி.

தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் புற்றுநோய் என்றால் சேலம், பெங்களூரு கித்வாய், வேலூர் சி.எம்.சி., சென்னை அடையாறு என்று நாலு திசைக்கும் எங்கள் ஆட்கள் போகிறார்கள். ஆபரேஷன் ஓர் ஊரில், மருந்து ஏற்றுவது இன்னோர் ஊரில், கரண்ட் மூன்றாவது ஊரில் என்று ஆவதும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பணத்தைப் பார்த்துக்கொள்கிறது. தாளை யார் பார்த்துக்கொள்வது? எட்டு வருடம் கழித்து ஊதாத் திட்டோடு போய் நிற்கும்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு, இந்தத் தோலில் கதிர் பட்டிருக்கிறது என்பதே தெரியாமல் போனால், களிம்புதான் கிடைக்கும்.

2021 ஆகஸ்டில், ஒரு காலத்தில் எங்கள் மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு ஊழியர்கள் வாசற்படிக்கே வருகிறார்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று கேட்கவும் செய்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இன்னும் ஒரே ஒரு கேள்வி: "எப்பவாவது கரண்ட் வச்சிருக்கீங்களா? அந்த இடத்தை ஒரு தடவை காட்டுங்க." அப்படிக் காட்டச் சொல்ல ஒரு பெண்ணால்தான் முடியும். இழந்த மார்பைத் தானே கண்ணாடியில் பார்க்காத பெண்கள் நிறைய இருக்கிறார்கள். என் அத்தை எட்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டுதான் அந்தப் பக்கம் சோப்பு போட்டாராம். திட்டு எப்போது வந்தது என்பது உண்மையில் அவருக்கும் தெரியாது, கண்ணில் பட்ட நாள்தான் தெரியும். இதை அவர் சொன்ன இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பார்க்கவேண்டியது பெரிய வித்தை இல்லை. மாதம் ஒரு தடவை, வெளிச்சத்தில், தழும்பையும் சுற்றியுள்ள தோலையும் அந்தப் பக்கத்துக் கையையும் பார்க்கவேண்டும். மூன்று வாரத்தில் போகாத எந்த நிற மாற்றத்தையும் காட்டிவிடவேண்டும். காட்டும்போது "இங்க கரண்ட் வச்சிருக்கு" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது இதற்குப் போதாது. தோலோடு சதை எடுத்துச் சோதிக்கவேண்டும். முதல் தடவை ஒன்றுமில்லை என்று வந்தும் திட்டு பரவினால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மேலாக எடுத்த சதையில் நோய் அகப்படாமல் போவதுண்டு.

அத்தைக்கு இரண்டு இடத்தில் சதை எடுத்தார்கள். கதிர் பட்ட தோல் என்பதால் அந்தப் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ரிப்போர்ட் வர எடுத்த பத்து நாளும் திண்ணையில் புளி தட்டுகிற சத்தம் இல்லை. ரிப்போர்ட்டில் புற்றுநோய் இல்லை. கதிரால் தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கின்றன, அவ்வளவுதான் என்றார் மருத்துவர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டவேண்டும், பழைய சிகிச்சை விவரத்தை எப்படியாவது வாங்கி வாருங்கள் என்றும் சொன்னார்.

போனோம். ஆஸ்பத்திரியின் பதிவறையில் நோயாளி எண் கேட்டார்கள், இல்லை. சேர்ந்த தேதி கேட்டார்கள், தெரியாது. அங்கிருந்த அம்மா பொறுமையாக, "எதையாவது யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார். அத்தை வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடைசி கரண்ட் முடிஞ்ச மறுநாள் ஆடிப் பதினெட்டு. எங்க ஆளுங்க எல்லாம் ஒகேனக்கலுக்குப் போயிட்டாங்க, என்னைக் கூட்டியாற யாரும் இல்ல, நானே பஸ் ஏறி வந்தேன்" என்றார். அந்த அம்மா கம்ப்யூட்டரில் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் திறந்தார். அரை மணி நேரத்தில் ஒரு தாள் அச்சாகி வந்தது. இடது மார்புச் சுவரும் கழுத்தடியும், 50 கிரே, 25 நாள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கி நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.